பழி சுமக்கும் சிலந்தி

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அணைத்துக் கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பிலே அமைந்த ஊர் பெரியகல்லாறு. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு அவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. தெருவின் இருமருங்கிலும் தென்னை நிழலிற் கிடக்கும் வளவுகளில் கல்வீடும் கிடுகுக் கொட்டிலும் அடுத்தடுத்து நிற்கும். கொட்டிலினுள்ளே விறகும், தேங்காய்ப் பொச்சும், பழைய வலையும், உடைந்த தோணிப் பலகையும் ஆண்டுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். இத்தகைய வளவொன்றிலே மனிதரோடு ஒட்டி வாழும் சிற்றுயிர்களைக் கணக்கெடுக்கப் புகுந்தால் சிலந்திக்கு அக்கணக்கில் முன்னிடம் தந்தேயாகவேண்டும். சுவரிலும் கூரையிலும் கிணற்றுக்கட்டிலும் அது இல்லாத இடமில்லை. எனினும், பாம்பைப் பற்றி நூறு செய்தி சொல்ல வல்ல ஊரவர் சிலந்தியைப் பற்றி நான்கு செய்தி சொல்ல மாட்டார். அறிவு செல்லாத அவ்வெற்றிடத்தை அச்சம் வந்து நிரப்பிக்கொண்டது.

அந்த அச்சத்தின் சுவடு மொழியிலேயே பதிந்து கிடக்கின்றது. சிலந்தி என்னும் சொல் எட்டுக்காற் பூச்சியைக் குறிப்பதோடு அமையவில்லை. உடலிற் கிளம்பும் ஒருவகைக் கட்டியையும் புண்ணையும் அதே சொல்லாற் சுட்டுவது தமிழ் வழக்கு. காலிலே தோன்றி நூல் போல் வெளிவரும் புழுநோய்க்கும் நரம்புச் சிலந்தி என்றே பெயர் வழங்கிற்று. அந்நோய்க்குக் காரணம் குடிநீர் வழியே புகும் புழு. சிலந்திக்கும் அதற்கும் எள்ளளவும் உறவில்லை. ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரோடு பழியும் ஒட்டிக்கொண்டது. காரணம் தெரியாத புண்ணைக் கண்டவிடத்துச் 'சிலந்தி கடித்திருக்கும்' என்று கூறும் வழக்கம் இன்றளவும் கிராமங்களில் நிலவுகின்றது. இவ்வழக்கம் சிலந்திக்குச் செய்யும் அநீதி சிறிது. மனிதனுக்குச் செய்யும் தீங்கோ பெரிது.

தமிழ் மக்கள் சிலந்தியை என்றும் வெறுத்தே வந்தனர் என்று கொள்வதற்கில்லை. காளத்தியிலே சிலந்தியும் பாம்பும் யானையும் சிவனை வழிபட்டு முத்தி பெற்றன என்பது தலபுராணம். திருவானைக்காவிலே வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய இறைவன்மீது சருகு உதிராவண்ணம் சிலந்தியொன்று வலையால் மேற்கட்டி அமைத்தது என்றும், அதனை அழுக்கெனக் கருதிய யானை மீண்டும் மீண்டும் சிதைத்தது என்றும், ஈற்றிலே சிலந்தி துதிக்கையினுட் புகுந்து கடிக்க இரண்டும் மாண்டன என்றும், அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து கோயில்கள் எடுத்தது என்றும் சைவ மரபு பேசுகின்றது. பத்தியை உணர்த்த எழுந்த இக்கதையினுள்ளே இயற்கையின் உண்மை ஒன்றும் பொதிந்துள்ளது. சிலந்தி யானையைத் தேடிச் சென்று கடிக்கவில்லை. தான் கட்டியது சிதைக்கப்பட்டபோதே கடித்தது. சிலந்தியின் இயல்பை ஆராய்ந்த இக்கால அறிஞர் கூறுவதும் இதுவேயாகும். மனிதன் அதற்கு இரையல்லன். நசுக்கப்படும்போதும், பொந்துக்குள் கை நுழையும்போதும், உடைக்கும் உடலுக்கும் இடையே அகப்படும்போதுமே அது கடிக்கின்றது.

தவறான உயிரின்மேற் பழி சுமத்துதல் தமிழர்க்கு மட்டும் உரிய குறையன்று. இத்தாலி நாட்டின் தெற்கே தாரந்தோ என்னும் நகரைச் சூழ்ந்த பகுதியிலே, சிலந்தி கடித்தவர் ஓயாது ஆடினாலன்றிப் பிழையார் என்னும் நம்பிக்கை பல நூற்றாண்டு நிலவிற்று. தாரந்தெல்லா என்னும் ஆடலும் அந்நம்பிக்கையோடு தொடர்புபட்டது. வயலில் ஓடித் திரியும் பெரிய ஓநாய்ச் சிலந்தி ஒன்றே குற்றவாளியெனக் கொள்ளப்பட்டது. உண்மையில் வலியும் வியர்வையும் தசைப்பிடிப்பும் உண்டாக்கியது அதே வயலிற் பதுங்கியிருந்த சிறிய கறுப்புச் சிலந்தி என்பதே பின்வந்தோர் கருத்து. பெரியது கண்ணிற் பட்டது. பழி அதன்மேல் விழுந்தது. சிறியது தப்பிக்கொண்டது. அந்நகரின் பெயரால் வழங்கிய தாரந்துலா என்னும் பெயர் பின்னர் உலகெங்குமுள்ள மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகள் அனைத்துக்கும் சென்று சேர்ந்தது.

பெரியகல்லாற்று வீடுகளிலும் இதே தவறு நாள்தோறும் நிகழக் காணலாம். இரவிலே விளக்கைக் கொளுத்தியதும் சுவரில் உள்ளங்கை அளவினதாய்த் தட்டையாய் ஒட்டிக் கிடந்து, அடுத்த நொடியில் நண்டு போற் பக்கவாட்டில் ஓடி மறையும் பழுப்புநிறச் சிலந்தியைக் கண்டு அலறாத பிள்ளைகள் இல்லை. விளக்குமாறு உடனே அதன்மேல் விழும். இது வெப்பநாடுகளின் வீடுகளிலெல்லாம் வாழும் வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, கரப்பானைத் துரத்திப் பிடித்துண்ணும். கண்களுக்குக் கீழே வெளிறிய கோடொன்று மீசை போற் குறுக்கே ஓடுவதும், பெண் சிலந்தி தட்டையான வெண்ணிற முட்டைப்பையை வயிற்றின் கீழ் அணைத்துச் செல்வதும் இதனை இனங்காணும் அடையாளங்கள். கையால் அழுத்திப் பிடித்தாற் கடிக்கும், கடி நோகும், அவ்வளவே. யன்னலிற் பாய்ந்து ஈப் பிடிக்கும் குறுஞ்சிலந்தியும், கூரை மூலையில் நூல் போன்ற நெடுங்கால்களோடு தலைகீழாய்த் தொங்கும் சிலந்தியும், தோட்டத்திலே மரத்துக்கு மரம் பொன்னிற வலை கட்டி நடுவில் வீற்றிருக்கும் பெருஞ்சிலந்தியும் அவ்வாறே மனிதர்க்குத் தீங்கற்றவை. உலகில் அறியப்பட்ட சிலந்தி இனங்களின் தொகை 2022ஆம் ஆண்டில் 50,000ஐத் தாண்டிற்று. அவற்றுள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு. ஆயின், மனிதனை உண்மையாக வருத்த வல்லவை மிகச் சிலவே.

அச்சிலவற்றுள் இலங்கையில் முதலில் வைத்து எண்ணத்தக்கது புலிமுகச் சிலந்தி. சிங்களத்திலே திவிமகுளுவா என வழங்குவதும் இதுவே. அறிவியலார் பொயிசிலோதேரியா எனப் பெயரிட்ட இக்குலம் இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இலங்கையின் தாழ்நில வறண்ட வலயத்துக்கு ஓர் இனம், ஈரவலயத்துக்கு ஓர் இனம், மலைநாட்டுக்கு ஓர் இனம் என இவை பகுந்து வாழ்கின்றன. மரப்பொந்தும் உரிந்த பட்டையின் உட்புறமும் இவற்றின் உறைவிடம். பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து இரவிலே இரை தேடும். பருத்த மயிரடர்ந்த கால்கள், சாம்பல் நிற உடலிலே கறுப்பும் வெண்மையும் கலந்த சித்திரம், முன்னோக்கிப் புடைத்த தாடைகள் என்பன இதன் தோற்றம். கால்களை விரித்தாற் சில இனங்கள் 20 சென்ரிமீற்றர் வரை செல்லும். சினமூட்டினால் முன்னங்கால்களை உயர்த்தி, அவற்றின் அடிப்புறத்திலுள்ள மஞ்சளும் கறுப்புமான பட்டைகளைக் காட்டும். அக்காட்சி போருக்கு அழைப்பன்று, விலகிச் செல் என்னும் எச்சரிக்கை. கண்டவர் விலகினால் அதுவும் விலகும். வேட்டைச் சிலந்தி தட்டையாய் ஒருநிறத்ததாய் ஓடும். புலிமுகச் சிலந்தி தடித்துப் புள்ளியும் பட்டையுமாய் நின்று எதிர்க்கும். இவ்வொரு வேற்றுமையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தாலே பாதி அச்சம் நீங்கிவிடும்.

மரத்தில் வாழவேண்டிய இச்சிலந்தி வீட்டுக்கு வருவது ஏன் என்னும் வினாவுக்கு வடக்கே மாங்குளம் விடையளித்தது. அப்பகுதியிற் கொல்லப்பட்ட சிலந்தியொன்றைக் கிராமத்தவர் 2009இல் ஆய்வாளரிடம் காட்டினர். அதன்பின் நிகழ்ந்த தேடலின் பயனாக 2012இல் புதிய இனமொன்று விவரிக்கப்பட்டது. தேடலுக்குத் துணைநின்ற காவல்துறை அதிகாரியான மைக்கல் ராஜகுமார் பூராஜாவின் பெயரால் அது ராஜேயி என அழைக்கப்பட்டது. அவ்வினம் சில முதுமரங்களிலும், மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் குடியிருக்கக் காணப்பட்டது. முதிர்ந்த மரங்கள் அருகிப்போனதால், பொந்தை ஒத்த இருளும் வெடிப்புமுள்ள பழங்கட்டடங்களை அவை நாடின என்று ஆய்வாளர் விளக்கினர். மேலும், பருவமடைந்த ஆண் சிலந்தி துணைதேடி இரவில் அலையும். வீட்டுத் தரையில் எதிர்ப்படுவது பெரும்பாலும் அத்தகைய வழிப்போக்கனே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட மட்டக்களப்புக் கரையோரத்துக்கு மரம் வீழ்தலின் பொருளை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தை இழந்த உயிர் எதுவாயினும் அது கூரையைத் தேடியே வரும்.

புலிமுகச் சிலந்தி கடித்தாற் கடுமையான வலியும் வீக்கமும் தோன்றும். பின்னர் தசைகள் முறுக்கிப் பிடிக்கும். நெஞ்சுப்புறத்திலும் பிடிப்பு உண்டாகலாம். நாட்கள் கழிந்தபின்னும் அப்பிடிப்பு மீண்டு வருவதுண்டு. ஆயினும் இக்கடியால் மனிதர் இறந்ததாக உறுதிப்பட்ட செய்தி இல்லை. இந்நஞ்சுக்கெனத் தனியாக ஆக்கப்பட்ட எதிர்நஞ்சும் எங்கும் இல்லை. வலியையும் பிடிப்பையும் தணிப்பதே மருத்துவம்.

இரண்டாவதாக எண்ணத்தக்கது உருவத்தாற் சிறிது. கைம்பெண் சிலந்தி என மேலைநாட்டார் பெயரிட்ட குலத்தைச் சேர்ந்த, கறுப்பும் சிவப்புமான இனமொன்று இலங்கையிலிருந்து 1991இல் விவரிக்கப்பட்டது. தாரந்தோ வயலில் மறைந்திருந்ததும் இக்குலத்ததே. பெண்ணின் உடல் ஒரு சென்ரிமீற்றர் அளவினது. பளபளப்பான உருண்டை வயிறும் அதிற் சிவப்புக் குறியும் உடையது. கல்லிடுக்கிலும் குப்பைகூளத்திலும் ஒழுங்கற்ற சிக்கலான வலையமைத்துப் பதுங்கியிருக்கும். நரம்பைத் தாக்கும் இதன் நஞ்சு, கடித்த இடத்தை விட்டு உடலெங்கும் பரவும் நோவையும், வயிற்றுத் தசை இறுக்கத்தையும், பெருவியர்வையையும் தோற்றுவிக்கும்.

இவ்விரண்டினின்றும் தப்புதற்கு மந்திரமும் வேண்டா. மருந்தடித்து வளவை நஞ்சாக்கவும் வேண்டா. கண் காணாத இடத்தில் கையை விடாதிருத்தலே முதல் விதி. விறகையும் பொச்சையும் வீட்டுச் சுவரோடு சாய்த்து அடுக்காமல் தள்ளி அடுக்குதல், எடுக்கும்போது தடியால் தட்டி எடுத்தல், பழைய ஓடும் பலகையும் புரட்டும்போது கையுறை அணிதல், தென்னை ஏறுவோர் பன்னாடைக்குள்ளும் மட்டையிடுக்கிலும் கைவைக்குமுன் தட்டிப் பார்த்தல், சப்பாத்தையும் கொடியிற் கிடந்த சாறனையும் உதறி அணிதல் என்பன எளிய பழக்கங்கள். சுவர் வெடிப்பை அடைப்பதும், கதவின் கீழிடுக்கை மறைப்பதும், வீட்டின்மேற் சாய்ந்த கிளையைக் கழிப்பதும் வழிப்போக்கரைத் தடுக்கும். இரவிலே முற்றத்தில் இறங்குவோர்க்கு விளக்கு வேண்டும். 'பாயை உதறிப் போடு மனே' என்று மட்டக்களப்புப் பெத்தாமார் பேரப்பிள்ளைக்குச் சொல்லும் ஒரு வார்த்தையில் இவ்விதிகள் யாவும் அடங்கும். சுவரில் நிற்கும் சிலந்தியை அகற்ற விரும்புவோர் வாயகன்ற போத்தலால் மூடி, தடித்த தாளொன்றை அடியிற் செலுத்தி, வெளியே கொண்டுபோய் விடலாம். விளக்குமாற்றால் அடிக்கப் புகுவோரிடமே அது பாய்ந்து ஏறுகின்றது.

கடிபட்டவிடத்து, கடிவாயைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, கடிபட்ட உறுப்புக்கு ஓய்வளிக்க வேண்டும். கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், சுடுதல் ஆகியன தீமையே தரும். வலி ஓங்கினாலோ, பிடிப்போ வியர்வையோ மூச்சுத்திணறலோ தோன்றினாலோ, கடிபட்டவர் குழந்தையாயின் எவ்வறிகுறியும் தோன்றுமுன்னரோ வைத்தியசாலையை அடைதல் வேண்டும். கடித்ததைக் கண்டிருந்தால் அதனைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துச் செல்வது பெரும் பயன் தரும். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர்ப்புறத்துப் புனல்வலைச் சிலந்தி மனிதரைக் கொல்ல வல்லது. 1981இல் அதற்கு எதிர்நஞ்சு வந்தபின் அதன் கடியால் அங்கு எவரும் இறந்ததாகப் பதிவில்லை. கடித்தது எது என்பதைத் திருத்தமாக அறிந்தமையே அவ்வெற்றியின் அடிப்படை.

இங்கேதான் பழியின் தீங்கு வெளிப்படுகின்றது. 'சிலந்தி கடித்த புண்' என்று காட்டப்படுவனவற்றுட் பல சிலந்தி தொடாதவை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே லெனெக்சா என்னும் ஊரில், புண் உண்டாக்குவதில் உண்மையாகவே பேர்பெற்ற பழுப்புச் சிலந்திகள் ஒரே வீட்டில் 2001ஆம் ஆண்டின் ஆறு மாதத்துள் 2,055 பிடிக்கப்பட்டன. அவ்வீட்டில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பத்தில் ஒருவரும் கடிபட்டதாகத் தெரியவில்லை. அதேவேளை, அச்சிலந்தி வாழாத மாநிலங்களிலும் அதன் கடியென்று புண்கள் பதிவாகி வந்தன. ஆராய்ந்தபோது அவற்றுட் பல கிருமித்தொற்றால் வந்தவை எனக் கண்டனர். இலங்கையிலும் நீரிழிவு நோயாளரின் காற்புண் சிலந்திக்கடி எனப் பெயர் பெற்றால், பற்றுப் போட்டு நாட்களைக் கடத்துவர். கால் அழுகத் தொடங்கும். சிகரற் சுட்டதுபோற் கறுத்த பொருக்குடன் காய்ச்சலும் வந்தால் அது சிற்றுண்ணி பரப்பும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காலத்தில் மருந்து கொடுத்தால் அது எளிதில் தீரும். சிலந்தியென்று வாளாவிருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. எழுவான்கரை ஊரவர் பலர்க்கு வயல் படுவான்கரையில். குருமன்வெளித் துறையிலே வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் செல்வோர், விதைப்பு முதல் அறுவடை வரை காவலுக்கு வயல் வாடிகளிற் பாயை விரித்துத் தரையிற் படுப்பதுண்டு. அத்தகைய இரவுகளில் எலியைத் தேடி வரும் கட்டுவிரியன் உறங்குபவனைக் கடிக்கின்றது. அக்கடி பெரும்பாலும் நோவதில்லை, வீங்குவதுமில்லை, பல்தடமும் தெளிவாகத் தெரிவதில்லை. விழித்தவன் கையைத் தடவிப் பார்த்து, 'ஏதோ எட்டுக்காலி கடித்தது' என்று மீண்டும் சரிந்து படுக்கின்றான். சிறிது நேரத்தில் வயிறு நோகின்றது. இரவு உண்டதன் கோளாறு என்று கொள்கின்றான். பின்னர் இமை தாழ்கின்றது, விழுங்க முடிவதில்லை, பேச்சுக் குழறுகின்றது, ஈற்றில் மூச்சுத்தசை சோர்கின்றது. உடனே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லப்பட்டால், எதிர்நஞ்சும் செயற்கைச் சுவாசமும் அவனை மீட்கக்கூடும். பூச்சிக்கடி என்று விடியும்வரை காத்திருந்தால் மீட்சி அரிது. அவனைக் கொன்றது பாம்பின் நஞ்சு மட்டுமன்று. சிலந்தியின்மேற் சுமத்திய பழியும் அக்கொலையிற் பங்கு கொண்டது.

ஆதலின், இரவிலே தரையில் உறங்கியவர் எதனாற் கடிபட்டார் என்று காணாதவிடத்து, நோவு இருப்பினும் இல்லாவிடினும் அதனைப் பாம்புக்கடியாகவே கருதி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வலி உடனே தோன்றிக் கடுமையாய் நிற்பது சிலந்திக்கடியின் இயல்பு. வலியின்றி இமை தாழ்வது விரியன்கடியின் குறி. விஷகடி வைத்தியரிடம் பார்வை பார்க்க விரும்பும் குடும்பத்தார், வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்தபின் அதனைச் செய்துகொள்வதில் எவருக்கும் இழப்பில்லை. படுக்கையைத் தரையினின்று உயர்த்துவதும், நுளம்புவலையைப் பாயின் கீழ் நன்கு செருகி உறங்குவதும் நுளம்பு, சிலந்தி, மட்டத்தேள், விரியன் என்னும் யாவற்றுக்கும் ஒருங்கே காப்பாகும். ஒரு வலையால் இத்தனை பகையை வெல்லலாம் என்பதைச் சிலந்தியே மனிதனுக்குக் கற்பித்திருக்கலாம்.

புலிமுகச் சிலந்திகள் அழகின் பொருட்டு வெளிநாடுகளில் வளர்ப்போரால் விரும்பி வாங்கப்படுகின்றன. வாழிடம் சுருங்குவதோடு இவ்வணிகமும் சேர்ந்து அவற்றை அருகச் செய்தமையால், 2019இல் ஜெனீவாவிற் கூடிய அனைத்துலக மாநாடு அக்குலம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. இலங்கையும் அதனை வேண்டி நின்ற நாடுகளுள் ஒன்று. கிராமத்தான் விளக்குமாற்றால் அடிப்பதும் உலகம் சட்டத்தாற் காப்பதும் ஒரே உயிரையே. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க வேண்டியது பாடசாலையும் பல்கலைக்கழகமும். பெரியகல்லாற்றுச் சிறுவன் ஒருவன் சுவரிற் கண்ட சிலந்தியின் பெயரைச் சொல்லவும், வயலிலிருந்து வந்த தந்தையின் இமை தாழ்வதைக் கண்டு அயலாரை எழுப்பி வண்டி தேடவும் அறிந்துகொள்வானாயின், அந்த வீட்டில் சிலந்தியும் வாழும், தந்தையும் வாழ்வார்.